கனவுக்கு முன்னால் இருந்த காசோலை

குன்னூரை அடுத்த ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராக இருக்கும்படி அழைத்திருந்தார்கள். 'உலகை மாற்றிய உரைகள்' என்பது தலைப்பு. பங்கேற்றவர்கள் பதினான்கு பேர். ஒருவர் விவேகானந்தரின் சிகாகோ உரையையும் இருவர் நேருவின் நள்ளிரவு உரையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆபிரகாம் லிங்கனுக்கும் சிலர் இருந்தார்கள். மிச்சமிருந்த ஆறு பேரும் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய 'எனக்கொரு கனவு' உரையைத் தேர்ந்திருந்தார்கள். ஆறு பேரும் மனப்பாடம் செய்திருந்தார்கள், ஆறு பேரும் ஒரே இடத்தில் வலது கையை உயர்த்தினார்கள், ஆறு பேரும் உரையை ஒரே வாக்கியத்தில் தொடங்கினார்கள். அதாவது, கனவில் தொடங்கினார்கள்.

போட்டி முடிந்து தேநீர் அருந்தும்போது பொறுப்பாசிரியையிடம் கேட்டேன். "டீச்சர், உரையோட முன்பகுதியை யாருமே தொடலையே?"

அவர் சங்கடமின்றிச் சிரித்தார். "நாலு நிமிஷம்தான் சார் நேரம். முழுசா குடுத்தா பசங்க திணறிடுவாங்க. அதோட முன்பகுதி கொஞ்சம் பாலிடிக்ஸ் மாதிரி இருக்கு. கனவுன்னா எல்லாருக்கும் பிடிக்கும். அதனால அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டோம்."

அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபமில்லை. அவர் நல்ல ஆசிரியை. மாணவர்களின் உச்சரிப்பை அத்தனை பொறுமையாகத் திருத்தியிருந்தார். ஆனால் அந்த ஜெராக்ஸ் தாளைப் பற்றி எனக்குக் கடுமையான மறுப்பு இருக்கிறது. உலகின் எத்தனையோ பள்ளிகளில் இதே தாள்தான் புழக்கத்தில் இருக்கிறது. குடியுரிமை, சமவுரிமை என்னும் பெருஞ்சொற்களை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய நாம் ஓர் உரையைத் தேர்கிறோம். பிறகு அந்த உரையில் உரிமை பேசப்படும் இடத்தைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் கொடுக்கிறோம். இது பாடத்தைச் சுருக்குவதாகாது. பாடத்தையே எடுத்துவிட்டு அதன் இசையை மட்டும் விட்டுவைப்பது.

கிங்கின் அவ்வுரை ஏறத்தாழ 17 நிமிடங்கள் நீள்வது. கனவு வருவது அதன் கடைசி மூன்றிலொரு பங்கில். அவர் கையிலிருந்த தயாரிக்கப்பட்ட பிரதியில் அப்பகுதி இருக்கவும் இல்லை. மேடையருகே நின்ற பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்ததாகவும், அதன்பின் அவர் தாளை விட்டு விலகிப் பேசியதாகவும் உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தாளில் எழுதிக் கொண்டுவந்தது ஒரு வழக்கு. 1863-இல் லிங்கன் அடிமைகளை விடுவித்துப் பிறப்பித்த பிரகடனம் முதல் சான்று. நூறாண்டு கழிந்தும் கறுப்பினத்தவர் தம் சொந்த நாட்டிலேயே ஒதுக்கப்பட்டவராக இருப்பது இரண்டாவது. பிறகு அவர் ஓர் உவமையை எடுக்கிறார். அமெரிக்காவை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை அளிப்பதாக ஒரு கடன்பத்திரம் எழுதித் தந்தார்கள். கறுப்பினத்தவர் அதைக் கொண்டுபோனபோது, கணக்கில் பணமில்லை என்று காசோலை திருப்பி அனுப்பப்பட்டது. அந்தக் காசோலையை மாற்றவே தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார்.

கறாரான பேச்சு இது, வட்டிக்கடையின் மொழியில் பேசப்பட்டது. தொடர்ந்து காவல்துறையின் வன்முறையைச் சொல்கிறார். மெல்ல மெல்ல மாறும் என்ற ஆறுதல் மொழியை மயக்கமருந்து என்கிறார். மிசிசிப்பியில் கறுப்பினத்தவருக்கு வாக்கில்லை, நியூயார்க்கில் இருப்பவருக்கோ வாக்களிப்பதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார். அன்றைய பேரணியின் முழுப் பெயரே 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. அதன் கோரிக்கைகளில் ஒன்று, மணிக்கு இரண்டு டாலருக்குக் குறையாத கூலி. தேயிலை எஸ்டேட்டில் கூலி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அறியாத குழந்தை இந்த மலையில் உண்டா? அப்படியிருக்க, கூலி கேட்ட பேரணியின் உரையை நாம் ஏன் அவர்களுக்குக் கனவாக மட்டும் கொடுக்கிறோம்?

இலக்கிய வாசகர்களுக்கு இதை வேறு வழியில் சொல்லிப்பார்க்கிறேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணகி பாண்டியன் அவையில் செய்வது என்ன? நேரே சபிக்கவில்லை. முதலில் தன் நாட்டின் நீதி மரபைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னை ஈந்த சிபியையும், கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்வைக்கிறாள். பிறகு சான்றுக்கு வருகிறாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைக்கப்படுகிறது, பரல் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. மதுரை எரிவது அதற்குப் பின்னர்தான். இன்று நாடகமேடைகளில் தலைவிரி கோலமும் தீயும் நீளமாக வருகின்றன, சிலம்பின் பரல் கண்ணிமைக்கும் பொழுதில் கடந்துபோகிறது. தீயை மட்டும் பார்த்த குழந்தை கண்ணகியை ஆவேசக்காரி என்று நினைக்கும். அவள் வாதாடத் தெரிந்தவள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கிங்கின் உரை கட்டப்பட்டிருப்பதும் ஏறத்தாழ இதே முறையில். தன் நாட்டின் நீதி மரபிலிருந்து தொடங்கி, எழுதித் தரப்பட்ட வாக்கை எடுத்துக்காட்டி, அது முறிக்கப்பட்டதை நிறுவிய பிறகே கனவுக்கு வருகிறார். வழக்கை நீக்கிவிட்டால் அக்கனவு யாருக்கும் தொந்தரவு தராத நல்லெண்ணமாகிவிடுகிறது. எல்லோரும் கைகோத்து நடப்போம் என்ற வாழ்த்து அட்டை. அதை ஒரு எஸ்டேட் மேலாளரும் கைதட்டிக் கேட்கலாம், ஒரு வட்டாட்சியரும் கைதட்டிக் கேட்கலாம். நானும் அன்று கைதட்டித்தான் கேட்டேன்.

வாழ்ந்த காலத்தில் கிங்குக்கு இந்தக் கைதட்டல் கிடைக்கவில்லை. 1966-இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் நூற்றுக்கு 63 பேர் அவரைப் பற்றி எதிர்மறையான எண்ணம் கொண்டிருந்தார்கள். 1968 ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டபோது மெம்ஃபிஸ் நகரின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளிக்கச் சென்றிருந்தார். கூலிக்கும் மரியாதைக்குமான போராட்டம் அது. அவர் பெயரில் தேசிய விடுமுறை அறிவிக்கும் சட்டம் 1983-இல் வந்தது. ஒரு மனிதரைச் சிலையாக்கும் பணி அநேகமாக அவர் பேச்சைச் சுருக்குவதிலிருந்துதான் ஆரம்பமாகிறது. நம் ஊரில் பாரதிக்கும் அம்பேத்கருக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஆகவே அமெரிக்கர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

நான் சொல்லவந்தது இதற்கு அடுத்த கட்டம். அன்று முதல் பரிசு பெற்ற மாணவி பத்தாம் வகுப்புப் படிப்பவள். பரிசளிப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கையில் அவளிடம் பேச்சுக்கொடுத்தேன். வீடு எங்கே என்றேன். டான்டீ லைன் வீடு என்றாள். பிறகு தயங்கி, "பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க சார். கப்பல்ல வந்தாங்களாம். ஒரு அட்டையை இன்னும் பெட்டிக்குள்ளயே வச்சிருக்காங்க. ஸ்கூல்ல அதெல்லாம் சொல்லிக்க மாட்டேன்" என்றாள்.

காசோலையைப் பற்றிய பகுதியைத் தாளில் இருந்து வெட்டிவிட்டு, பெட்டிக்குள் ஒரு காசோலையை வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணைக் கனவைப் பேசச் செய்திருக்கிறோம். அன்றிரவு எனக்கு இதுவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

அந்த அட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நீலகிரியில் வாழும் நம்மில் பலரே அதை முழுதாக அறிந்ததில்லை. இலங்கையின் மலையகத்தில் காப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்க வெள்ளையர் கொண்டுசென்ற தமிழர்கள், 1947-இல் அந்நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர். தலவாக்கலையிலிருந்து தேர்வான சி.வி. வேலுப்பிள்ளை. நாடு விடுதலை பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டம் கேட்ட வம்சாவளிச் சான்றைத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரால் தர இயலவில்லை. அவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949-இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்கும் போயிற்று. ஐக்கிய நாடுகள் அவை ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்று உலகப் பிரகடனம் செய்ததும் அதே 1948-இன் டிசம்பரில்தான். நாடாளுமன்றத்தில் அமர்ந்த அக்கவிஞர் பின்னர் எழுதிய நூல் ஒன்றின் பெயர் 'நாடற்றவர் கதை'. நம் இலக்கியச் சிற்றிதழ்கள் அந்நூலை எத்தனை முறை பேசியிருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

பறிக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 1952-இல் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது 1955 டிசம்பரில். அதாவது, கிங் என்ற பெயரை உலகம் கேள்விப்படுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் குடியுரிமைக்காக அகிம்சைப் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். அவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் நம் மலையில் படிக்கிறார்கள். அவர்களுக்கு மான்ட்கோமரி தெரியும், கொழும்பு தெரியாது.

1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கா குடிசார் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அக்டோபரில் கிங்குக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே அக்டோபரின் 30-ஆம் தேதி, புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் தொகை 9,75,000 என்று வைத்துக்கொள்ளப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, 1974-இல், அந்த எஞ்சியவர்களை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பத்து லட்சம் பேரைப் பங்கிடும்போது அவர்களின் பிரதிநிதி எவரும் அந்த மேசையில் இல்லை. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிக்கும்போதுகூட வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்பது நம் வழக்கம்.

இப்படி வந்தவர்களுக்கு இந்திய அரசு எழுதித் தந்தது ஒரு வாக்குறுதி. கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, அதில் வேலையோ கடனோ வீடோ என்று குறிப்பு. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அட்டையைக் காட்டி, அங்கிருந்து தமிழகமெங்கும் பிரிந்தார்கள். தேயிலை தெரிந்தவர்கள் நீலகிரிக்கு வந்தார்கள். வனத்துறையின் கீழ் 1968-இல் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1975-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி என்று தோட்டங்கள் பரவின. வேலை கிடைத்தவர்களுக்கு லைன் வீடு கிடைத்தது. வேலை உள்ளவரை வீடு என்பதே தோட்டத்தின் விதி. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். வேறு ஊரில்லாத ஒருவர் ஓய்வு பெற்ற மறுநாள் எங்கே போவார் என்ற கேள்வி அவ்விதிக்குள் இல்லை. 2022-இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, நீலகிரியில் எழுந்த அச்சமும் போராட்டமும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே. தோட்டத்தில் இடம் கிடைக்காமல் கூடலூர்ப் பக்கம் குடியேறிய பலர் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் பல்லாண்டுகள் அலைந்திருக்கிறார்கள்.

கணக்கில் பணமில்லை என்று திரும்பிய காசோலைக்கு மாணவர்களிடம் காட்ட இதைவிட அருகில் ஓர் உதாரணம் எங்கே கிடைக்கும்?

ஆனால் இவ்விடத்தில் நானே என் வாதத்தை நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலை வைப்பதற்காகத் திருத்தப்பட்ட அந்தக் காடு ஆளில்லாத காடு அல்ல. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழ்ந்திருந்தார்கள். அவர்களின் நிலம் வெள்ளையர் காலத்திலேயே தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடுதலைக்குப் பின்னும் அது நிற்கவில்லை. அரசு ஒருவருக்கு எழுதித் தந்த கடனை இன்னொருவரின் உண்டியலை உடைத்து அடைத்திருக்கிறது. காட்டில் வாழ்வோரின் உரிமைகளை அங்கீகரிக்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது. ஆகவே பந்தலூரில் ஒரு வகுப்பறையில் தாயகம் திரும்பியோரின் பேத்தியும் பணியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கலாம். இருவர் வீட்டிலும் கூலி குறைவு, இருவருக்கும் வரவேண்டிய பாக்கி உண்டு, ஒருவரின் பாக்கி மற்றவரின் இழப்போடு பின்னியிருக்கிறது. உரிமை என்ற சொல் இத்தனை சிக்கலானது என்பதை அவ்விருவருக்கும் சேர்த்துச் சொல்லாத பாடம் அரைப்பாடம்தான். அமெரிக்க உதாரணத்தோடு நின்றுவிட்டால் இந்தச் சிக்கல் நம் கண்ணில் படாது. அங்கே யார் தரப்பில் நிற்பது என்பது நமக்கு மிக எளிது. கடலுக்கு அப்பால் நடக்கும் அநீதியை எதிர்ப்பதில் நாம் எல்லோரும் சூரர்கள்.

இக்காரணத்தால்தான் கிங்கின் உரையை நிறுத்திவிடுங்கள் என்று நான் கோரவில்லை. நம்மூர்ச் சரித்திரம் போதும், அயலான் எதற்கு என்ற குரல் சமீபகாலமாக உரத்து ஒலிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொலைவில் இருப்பதைக் கற்றவருக்கே அருகில் இருப்பது புலப்படும். 1946-இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதி வேண்டும் என்று டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அந்த அயல் ஆவணம் தேவைப்பட்டது. நான் கேட்பது இரண்டே இரண்டு. கிங்கின் உரையை முழுதாகக் கற்பியுங்கள். அதன் பக்கத்தில், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை வையுங்கள்.

அம்பேத்கரின் உரையிலும் ஒரு காசோலை இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் நாம் முரண்பாடான வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்கிறார் அவர். அரசியலில் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு. சமூகத்திலும் பொருளியலிலும் அந்தச் சமத்துவம் இல்லை. இம்முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால், சமத்துவமின்மையால் துன்புறுவோர் இந்த ஜனநாயகத்தின் கட்டுமானத்தையே தகர்ப்பார்கள் என்று எச்சரிக்கிறார். கிங் தம் நாட்டை நோக்கி, எழுதிய பத்திரத்துக்குப் பணம் கொடு என்றார். அம்பேத்கரோ, பத்திரம் எழுதி முடித்த அன்றே, இதற்குப் பணம் எங்கே இருக்கிறது என்று எழுதியவர்களையே கேட்டார். அவரும் எழுதியவர்களில் ஒருவர் என்பது அவ்வுரையின் கம்பீரம்.

இவ்விரு உரைகளும் ஓரிடத்தில் மோதுகின்றன. மாணவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய இடம் அது. அரசியல் சட்டத்தின் வழிகள் திறந்துவிட்ட பிறகு ஒத்துழையாமை, சட்டமறுப்பு, சத்தியாக்கிரகம் ஆகியவற்றைக் கைவிட வேண்டும் என்கிறார் அம்பேத்கர். அவை அராஜகத்தின் இலக்கணம் என்பது அவர் கருத்து. கிங்கோ காந்தியின் வழியில் அநீதியான சட்டத்தை மீறிப் பர்மிங்ஹாம் சிறைக்குப் போனவர். யார் சொல்வது சரி? இதற்கு ஆசிரியர் விடை சொல்லக்கூடாது. ஆனால் ஒரு குறிப்பு தரலாம். 1952-இல் கொழும்பில் அமர்ந்தவர்களிடம் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவருக்கு அரசியல் சட்டத்தின் எந்தக் கதவு திறந்திருக்கும்? கிங் பேசிய மிசிசிப்பியிலும் பெரும்பாலான கறுப்பினத்தவருக்கு வாக்கில்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு வாதாடட்டும். கையை எங்கே உயர்த்துவது என்ற ஒத்திகையைவிட அது மேலான பயிற்சியாக இருக்கும்.

மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். முதல் மறுப்பு, இது அரசியல், பள்ளிக்குள் வேண்டாம் என்பது. வாக்குரிமையையும் குடியுரிமையையும் பற்றிய பாடத்தில் அரசியல் வேண்டாம் என்பது, சமையற்கட்டில் அடுப்பு வேண்டாம் என்பதைப் போன்றது. கட்சி வேண்டாம் என்றால் நூறு சதவீதம் ஒப்புக்கொள்கிறேன். பாதி உரையை வெட்டிக் கொடுப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இரண்டாவது மறுப்பு, குழந்தைகள் மனதில் கசப்பை விதைத்துவிடுவோம் என்பது. வெட்டப்பட்ட பகுதியிலேயே இதற்குப் பதிலிருக்கிறது. நியாயம் கேட்கும் வழியில் நாம் கசப்பையும் வெறுப்பையும் அருந்திவிடக்கூடாது என்று கிங் தம் மக்களை எச்சரிப்பது காசோலைக்குப் பின்பு, கனவுக்கு முன்பு. கசப்புக்கான காரணத்தையும் அதைக் கடக்கும் ஒழுக்கத்தையும் அவர் சேர்த்தே கற்பிக்கிறார். நாம் இரண்டையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

மூன்றாவது மறுப்பு கனமானது. அந்தப் பெண் தன் பாட்டியைப் பற்றிப் பள்ளியில் சொல்ல விரும்பவில்லை. 'சிலோன்காரங்க' என்ற சொல் இந்த மலையில் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்பதை அவள் அறிவாள். வரலாற்றைப் பாடமாக்குகிறேன் என்று ஓர் ஆசிரியர் அவளை எழுப்பி நிறுத்தினால் என்னாகும்?

கிங்குக்கே இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. 1959-இல் அவர் இந்தியாவில் ஒரு மாதகாலம் பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் பேசச் சென்றார். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த சாதிகளின் பிள்ளைகள் பெருமளவு படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்றாராம். ஒரு கணம் தமக்கு அதிர்ச்சியும் எரிச்சலும் உண்டானதாகவும், பிறகு தம் நாட்டில் சேரிகளில் அடைபட்ட இரண்டு கோடிப் பேரை நினைத்ததாகவும், ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாகவும் 1965-இல் ஒரு தேவாலயப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தனக்கு இடப்பட்ட பெயரின் வழியாகத் தன்னைப் போன்ற பிறரைக் கண்டடைய முடியும் என்பது ஒன்று. அதற்கு முன்னால், உலகப் புகழ்பெற்ற முப்பது வயது மனிதருக்கும் அப்பெயர் சுட்டது என்பது இன்னொன்று. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சுடும்?

ஆகவே யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் மிகப் பழைய அரசாங்கத் தாள் எது என்று வீட்டில் கேட்டுவாருங்கள் என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னால் போதும். பட்டா இருக்கலாம், சாதிச் சான்றிதழ் இருக்கலாம், எஸ்டேட் சம்பளச் சீட்டு இருக்கலாம், வாக்காளர் அட்டை இருக்கலாம். சில வீடுகளில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்பதும் ஒரு விடை. தாளைக் கொண்டுவரத் தேவையில்லை, பெயர் எழுதத் தேவையில்லை. அந்தத் தாள் என்ன வாக்களித்தது, அதில் எவ்வளவு கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டால் போதும். அதன்பின் கிங்கின் உரையை முதல் வரியிலிருந்து படிக்கட்டும். காசோலை வரும் இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது. மூன்று பாடவேளைகள் போதும் என்பது என் கணிப்பு. ஒத்திகைக்கு இதைவிட அதிக நேரம் செலவாகியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பரிசுக்கான மதிப்பெண்ணை நானும் போட்டேன். நன்றாகவே பேசினாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் சான்றிதழும். மறுவாரம் அந்த ஆசிரியைக்கு இரு உரைகளின் முழுப் பிரதிகளையும் அனுப்பிவைத்தேன். "நாலு நிமிஷத்துக்கு இது அடங்காதே சார்" என்று பதில் வந்தது. போட்டியை ஐந்து நிமிடமாக்கி, கனவைக் குறைத்துக் காசோலையைச் சேர்க்கலாமே என்று எழுதினேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஆண்டும் நடுவராக அழைத்தால் போவேன். கனவிலிருந்து தொடங்கும் பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்கு என் மதிப்பெண் இனிமேல் பாதிதான்.